மோட்டார் கொட்டகை வரைக்கும்

எங்கள் நாய் செவலைக்கு இப்போது 13 வயது. காலையில் கண் விழித்ததும் அவன் வயிறு ஏறி இறங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கைப் போடுவது. காது கேட்காது என்பதால் கூப்பிடுவதில்லை. அவன் படுத்திருக்கும் பக்கம் தரையை இரண்டு தட்டு தட்டினால் அதிர்வு தெரிந்து மூக்கைத் தூக்குவான். கையை மூக்குக்கு நேரே நீட்டுவேன். முகர்ந்துவிட்டு வாலால் தரையை ஒரு தடவை அடிப்பான். சரி, இன்றைக்கும் இருக்கிறான் என்று எழுந்து அடுப்பு மூட்டப் போவேன்.

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. 2012 ஐப்பசி மழையில், தேங்காய் மட்டை குவித்திருந்த இடத்தில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். "தோப்புக்குக் காவல் ஆச்சு" என்றார். எனக்கு நாய் என்றால் ஆசையும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. வீட்டுக்குள் விடக்கூடாது, அவ்வளவுதான். மிச்சச் சோற்றைக் குழம்போடு பிசைந்து வாசலில் ஒரு அலுமினியச் சட்டியில் வைப்பேன். நான் "நாய் சாப்பிட்டுச்சு" என்பேன். அவர் மட்டும் முதல் நாளிலிருந்தே "சாப்பிட்டானா?" என்றுதான் கேட்பார்.

தினமும் விடிகாலை ஐந்தரை மணிக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போவார். வண்டியில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் செவலை உட்கார்ந்திருப்பான். மோட்டார் கொட்டகை வாசலில் வண்டி நின்றால் குதித்து இறங்கி, தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கொட்டகைத் திண்ணையில் படுத்துக்கொள்வான். ஆறு வருஷம் இப்படியே போனது.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அன்றிரவு செவலை தோப்பில் இருந்தான். முந்தின நாள் சாயங்காலம் அவர் எவ்வளவோ கூப்பிட்டும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று அது. எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் இரண்டு தடவை கதவுப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

விடிந்ததும் போனால் வழியே இல்லை. ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. 104 மரத்தில் 9 மரம்தான் நின்றன. பாதி வேரோடு சாய்ந்திருந்தன, மீதி நடுவில் முறிந்திருந்தன. செவலை கொட்டகைச் சுவர்மேல் சாய்ந்து கிடந்த ஒரு மரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் கிடந்தான். இடது பின்னங்கால் மட்டைக் குவியலுக்குள் மாட்டியிருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருவுக்குள் வந்தபோது, "தோப்பு எப்படி இருக்கு?" என்று எல்லாரும் கேட்டார்கள். "இவன் இருக்கான்" என்றார். அதற்கு மேல் அன்று அவர் பேசவில்லை.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 26 நாள் ஆனது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் கொடுத்தது. அவை 30 வருஷத்து மரங்கள். விழுந்த மரங்களை அப்புறப்படுத்தவே அந்தப் பணம் போதவில்லை. என் நகையை அடகு வைத்தோம். அவர் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, 2019 ஆடியில் 25 அடிக்கு ஒன்றாக மூன்றடிக் குழி வெட்டி நெட்டைக் கன்று வைத்தார். "குட்டை வச்சா சீக்கிரம் காய்க்குமே" என்றேன். "நெட்டை ஆறேழு வருஷம் எடுக்கும். ஆனா நம்ம பேரப்பிள்ளை காலம்வரைக்கும் நிக்கும்" என்றார். விழுந்த மரங்களின் தூர் மக்க மக்க அதில் காண்டாமிருக வண்டு பெருகிவிட்டது. வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து மட்டை இடுக்கில் போடுவதற்காகக் கன்று கன்றாகப் போவார். செவலையும் பின்னாலேயே போவான். புயலில் மாட்டிய அவன் கால் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

அந்த மார்கழியில் அவர் கை வலிக்கிறது என்றார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். குழி வெட்டின அலுப்பு என்று இரண்டு பேருமே நினைத்தோம். "உங்களுக்கும் 56 ஆயிடுச்சு. வயசாயிடுச்சுல்ல" என்று நான்தான் சொன்னேன். தை மாதம், நெஞ்சு வலி என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

நான் சொன்ன அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வந்து காரியம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனான். மார்ச் மாதம் ஊரடங்கு வந்துவிட்டது. அவனால் வர முடியாது, என்னாலும் எங்கும் போக முடியாது. சோறு வடிக்கக்கூடத் தோன்றாத நாட்கள் அவை. ஒருநாள் காய் பறிக்கிற பெரியவர் வாசலில் நின்று, "ஏம்மா, ஒங்க நாயி தினம் விடியக்காலையில தோப்புக்கு வந்து கொட்டகையில உக்காந்துக்குது. மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுத்தான் போவுது. ஏதாச்சும் சோறு போடுறியளா இல்லையா?" என்று கேட்டார்.

போடவில்லை. எத்தனை நாளாகப் போடவில்லை என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சோறு வடித்தேன். தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அவர் போன பிறகு நான் தோப்புக்குப் போனது அன்றைக்குத்தான். செவலை எழுந்து ஓடி வந்தான். என்னைத் தாண்டிப் போய்ப் பாதையைப் பார்த்தான். வண்டிச் சத்தம் வருகிறதா என்று காதைத் திருப்பித் திருப்பி நின்றான். அப்புறம் வந்து என் காலடியில் உட்கார்ந்தான். கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். சாவு வீட்டில் அழுதது வேறு மாதிரியான அழுகை. அழுது முடித்துப் பார்த்தால் கன்றுகள் எல்லாம் வாடிக்கொண்டிருந்தன. கரண்ட் இருந்தது. மோட்டாரைப் போட்டேன்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு கொண்டுபோவதற்காகவே தினமும் போனேன். கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது அதோடு சேர்ந்த வேலையாகிவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களிடம் "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வார்கள். எப்படித் தேற்றிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு உயிர் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்றால் எழுந்து போக முடிந்தது. அந்த ஊரடங்கில், ஆளில்லாத ரோட்டில், 49 வயதில் எக்ஸ்எல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக்கொடுத்தாள். முதல் இரண்டு நாள் செவலை வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தான். மூன்றாம் நாள் நான் வண்டியைக் கிளப்பும் முன்பே ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

அந்த மாதம்தான், மகனிடம் போனில் பேசும்போது "இரு, அவன் இன்னும் சாப்பிடல" என்றேன். "யாரும்மா?" என்று கேட்டான். செவலை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் செவலை வண்டியில் ஏறுவதற்குத் தயங்க ஆரம்பித்தான். படுத்தால் எழுவதற்கு நேரமானது. வாசல் திண்ணையில் ஏறாமல் கீழேயே படுத்தான். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வயசாயிடுச்சுல்ல." அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கியது. ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவள் நான். இந்தத் தடவை இருக்கக்கூடாது என்று ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து, அவனைச் சாக்கில் படுக்கவைத்து, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு வேடிக்கை. வீட்டில் நொண்டுகிற நாய், புது இடம், புது வாசனை என்றதும் நன்றாக நடந்து காட்டினான். டாக்டரம்மா புரிந்துகொண்டார். "பயத்துலயும் பரபரப்புலயும் வலியை மறைச்சிரும்மா. அடுத்த தடவை வரும்போது வீட்ல நடக்கிறது, படி ஏறுறது, படுத்து எழுந்திரிக்கிறது எல்லாத்தையும் போன்ல படம் எடுத்துட்டு வாங்க" என்றார். வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காலையில் எழுந்து வைக்கிற முதல் பத்து அடியைப் படம் எடுங்கள். இரவெல்லாம் படுத்த மூட்டு விறைத்திருக்கும்போதுதான் உண்மையான வலி தெரியும்.

எக்ஸ்ரேயில் இடது இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. புயலில் மாட்டிய அதே கால். ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஒரு பெரிய தப்புச் செய்ய இருந்தேன். ஒரத்தநாடு போவதற்கு முந்தின வாரம், "ஒங்க மூட்டு வலி மாத்திரையில பாதி குடுங்க, சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னார். மாத்திரையை உடைத்துச் சோற்றுக்குள் வைக்கப் போய், ஏதோ தோன்றி நிறுத்திவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. நாம் சாப்பிடுகிற பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இவையெல்லாம் நாய்க்கு வினையாகும். வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகம், கல்லீரல் கெட்டுப்போவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நாய்க்கென்று இருக்கிற மருந்தை, அதன் எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் தகுந்தபடி டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கொடுக்க வேண்டும்.

அப்புறம் எடை. செவலை 26 கிலோ இருந்தான். மூன்று கிலோ குறைக்கச் சொன்னார்கள். மூட்டு வலிக்குப் பாதி மருந்து எடை குறைப்பதுதான் என்றார்கள். அது என்னால் வந்த எடை. பாசத்தில் காலையும் மாலையும் பிஸ்கட்டாகக் கொடுத்துச் சேர்த்தது. பிஸ்கட்டை நிறுத்துவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அவன் பார்க்கிற பார்வை அப்படி. பதிலுக்கு வேகவைத்த கேரட்டைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுத்தேன். அவனுக்குக் கையிலிருந்து ஏதாவது வர வேண்டும், அவ்வளவுதான் என்று பிறகு புரிந்தது. மாதம் ஒரு தடவை கொப்பரை எடை போடும் மின்தராசில் அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன். பிறகு நான் மட்டும் ஏறுவேன். கழித்தால் அவன் எடை. ஐந்து மாதத்தில் 23 கிலோவுக்கு வந்தான். திண்ணைக்கு மறுபடி ஏறினான்.

குழம்பு ஊற்றிய சோறு போடுவதையும் அப்போதுதான் நிறுத்தினேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பத்து வருஷம் வெங்காயக் குழம்பு ஊற்றியிருக்கிறேனே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. திராட்சையும் கூடாது, சாக்லேட்டும் கூடாது. சமைத்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். இப்போது மல்லிப்பட்டினத்து மீன் வாங்கினால் அவன் பங்கை உப்பில்லாமல் தனியே அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைகிறேன்.

அவனை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அந்த வருஷ மழையில்தான். என் நாத்தனார் வந்திருந்தபோது, "நாயக் கூடத்துல படுக்கப் போட்டிருக்கியே, சாமி படம் இருக்கிற எடம்" என்று வருத்தப்பட்டார். "ஒங்க அண்ணன் இருந்திருந்தா இவனை மழையில விட்டிருப்பாங்களா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் பார்த்தால், பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பிரித்து இவனுக்குத் தகுந்த அளவில் தைத்துக்கொண்டிருந்தார். அந்த மெத்தையில்தான் இன்றும் படுக்கிறான். மெலிந்த நாய்க்கு முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் படுக்கைப் புண் வரும், அதற்கு மெத்தென்ற படுக்கை வேண்டும். எழவே முடியாத நாட்களில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபக்கம் புரட்டிவிட வேண்டும்.

எங்கள் கூடத்தில் டைல்ஸ் போட்டிருக்கிறது. வழுக்கி விழுந்த நாய் அடுத்த நாள் எழவே பயப்படும். கடையில் என்னென்னவோ விரிப்பு இருக்கிறதாம். நாங்கள் கயிறு திரிக்கிற ஊர்க்காரர்கள், கயிற்று மிதியடியாக ஆறு வாங்கி அவன் படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம்வரை, அங்கிருந்து வாசல்வரை வரிசையாகப் போட்டேன். நகம் பிடித்து நடக்க அதைப்போல வேறில்லை. நகத்தையும் வளரவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். நீண்ட நகம் பாதத்தைத் தூக்கிவிடும், மூட்டுக்கு வலி கூடும்.

கண்ணில் நீலம் பாய்ந்ததைப் பார்த்துக் குருடாகிவிட்டான் என்று பயந்தேன். வயதானால் கண்ணின் லென்ஸ் இறுகி அப்படித் தெரியுமாம், பார்வை பெரிதாகக் கெடாதாம். வெள்ளையாக அடைத்துக்கொள்கிற புரை வேறு. எது எது என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தால்தான் தெரியும், நாமாக முடிவு செய்யக்கூடாது. காது மட்டும் உண்மையாகவே போய்விட்டது. ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தை பின்னாலிருந்து வந்து தொட்டதும் திடுக்கிட்டுச் சட்டென்று கடிக்கத் திரும்பினான். பல் படவில்லை. அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்வது? அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் முதலில் சொல்வது: முன்னால் வா, தரையைத் தட்டு, கையைக் காட்டு, தூங்கும்போது தொடாதே. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஒரு வருஷம்கூட நான் தவறவிட்டதில்லை. வயதான நாய்தானே, வெளியே போவதில்லையே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது கூடாது.

உண்ணிக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் இரண்டு நாள் சோறு திங்காமல் கிடந்தான். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. 28 நாள் விடாமல் மாத்திரை கொடுத்துத்தான் பிழைத்தான். நாலாம் நாளே எழுந்து ஓடினான், ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. அன்று தெரிந்துகொண்டதால் இன்றும் வாரம் ஒரு தடவை ஈறைப் பார்க்கிறேன். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். தூங்கும்போது மூச்சையும் எண்ணுவேன். ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேலே போனால் இருதயமோ நுரையீரலோ சிரமப்படுகிறது என்று அர்த்தம், காத்திருக்கக்கூடாது. மூச்சை எண்ணுகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் மார்கழியில் மூச்சு வாங்கி நின்றது ஞாபகம் வரும். முன்பெல்லாம் எழுந்து போய்விடுவேன். இப்போது எண்ணி முடித்துவிட்டுத்தான் எழுகிறேன்.

போன வருஷம்தான் ராத்திரிகள் கடினமாயின. இரண்டு மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்துக் குரைப்பான். ஒரு இரவு கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டு, பின்னால் நகரத் தெரியாமல் முனகிக்கொண்டிருந்தான். என்னை யாரென்று தெரியாத மாதிரி பார்த்தான். மனிதர்களுக்கு வருவது போன்ற மறதி நோய் நாய்க்கும் வருகிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் உடனே அதுதான் என்று முடிவு கட்டவில்லை. வலியா, பார்வையா, சிறுநீர்க் கோளாறா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் ஒரு வாரம் தண்ணீரை அளந்து ஊற்றிக் குறித்துக்கொண்டு போயிருந்தேன், அது மிகவும் உதவியது. வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்திருந்தான். சிறுநீரகம் கொஞ்சம் தளர ஆரம்பித்திருந்தது. சாப்பாட்டை மாற்றிச் சொன்னார், வலி மாத்திரையையும் மாற்றினார். அதிகம் சிறுநீர் போகிறான் என்று தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்கக்கூடாது என்றார்.

மற்றதெல்லாம் வீட்டு வைத்தியம்தான். சாப்பாடு தினமும் ஒரே நேரம். பகலில் கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் நடையும், அப்போதுதான் ராத்திரி தூங்குவான். பத்து மணிக்கு வெளியே கூட்டிப்போய் வருவது. ஒரு சின்ன இரவு விளக்கு. கிரைண்டர் இடுக்கை அரிசி மூட்டையால் அடைத்துவிட்டேன். வீட்டுச் சாமான் எதையும் இடம் மாற்றுவதில்லை. இரண்டு மணிக்கு எழுந்தால் திட்டுவதில்லை. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து விலாவில் கையை வைத்தால் கால் மணியில் அடங்கிவிடுவான். எனக்கும் அவர் போன பிறகு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். முழித்துக்கொண்டு கிடக்கிற அந்த நேரத்துக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. அதற்காக நான் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். நாய்க்கு இவ்வளவா என்றும் கேட்பார்கள். புயலில் நின்ற 9 மரத்துக் காய் இருக்கிறதே, 45 நாளைக்கு ஒரு வெட்டு, அந்தக் காசைத் தனி டப்பாவில் போடுகிறேன். அது செவலைக்கு. அவனும் அந்த மரங்களோடு நின்றவன்தானே. எல்லாராலும் எக்ஸ்ரே எடுக்க முடியாது, எனக்குத் தெரியும். மிதியடியும், அளவான சாப்பாடும், வழுக்காத தரையும், முப்பது விநாடி ஈறைப் பார்ப்பதும் யாராலும் முடியும்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டரம்மாவிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "எப்போ போதும்னு எப்படித் தெரியும்?" அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். அவனுக்கு மிகவும் பிடித்த மூன்றை எழுதச் சொன்னார். எழுதினேன்: வண்டியில் போவது, மீன் சோறு, கொட்டகைத் திண்ணை. "தினமும் காலண்டர்ல குறிங்க. இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு நடந்து, வலி இல்லாம தூங்கினா அது நல்ல நாள். வட்டம் போடுங்க. இல்லாட்டி ஒரு கோடு. கோடு அதிகமானா எனக்கு போன் பண்ணுங்க, நாம பேசுவோம். அவன் கஷ்டப்படாம போறதுக்கு வழி இருக்கு" என்றார். தினமும் பார்க்கிற நமக்குச் சரிவு தெரியாது, நேற்றைப் போலத்தான் இருக்கிறான் என்று தோன்றும். காலண்டர் பொய் சொல்லாது. உரக்கடை காலண்டரில் அக்டோபர் மாதம் 24 வட்டம், 7 கோடு. போனை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய நாளில் எடுப்பேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். என் பயத்துக்காக அவன் வலியை நீட்டக்கூடாது.

போன மாதம் கொட்டகைக்குப் பக்கத்துக் கன்றில் முதல் பாளை வெடித்தது. ஆறு வருஷம் ஆகியிருக்கிறது, அவர் சொன்ன கணக்குத்தான். மகனுக்குப் போனில் காட்டினேன். அவன் "அப்பா" என்று மட்டும் சொன்னான். அதற்கு நேர் கீழே சாக்கை விரித்துச் செவலையைப் படுக்கவைத்தேன். உதிர்ந்த பூ அவன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தூங்கிவிட்டான்.

இன்று காலை அவன் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தான். மத்தியானமும் மெத்தையை விட்டு எழவில்லை. மாத்திரையை மீனில் வைத்து நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐந்து மணிக்கு எக்ஸ்எல்லை அவன் படுக்கைக்கு நேரே வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். காது கேட்காத நாய், தரை வழியாக வந்த அதிர்வுக்குத் தலையைத் தூக்கினான். மெத்தையிலிருந்து எழுந்து, மிதியடி மிதியடியாக நடந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் அவனாகவே வண்டியில் வைத்துவிட்டுப் பின்னங்காலை நான் தூக்கிவிடுவதற்காகத் திரும்பிப் பார்த்தான். தூக்கி வைத்தேன். தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டேன்.